பத்து நிமிடம் மட்டும் செல்லும் எண்

பெரியநாயக்கன்பாளையம்
9-6-2025, திங்கள்

அன்புள்ள அம்மணி மோகனப்பிரியாவுக்கு,

அப்பா பாலுசாமி எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் அனுதாபம் தேடுகிறேன் என்பாய். அதனால் நேராகக் காரியத்துக்கு வந்துவிடுகிறேன்.

இன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு மேல் உன் போனுக்கு மூன்று ஓடிபி வந்திருக்கும். யாரும் உன் பேங்க் கணக்கில் கை வைக்கவில்லை. அது நான்தான்.

கார் ஓட்டப் பழக எல்.எல்.ஆர். எடுக்கலாமென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போனேன். ஆமாம், மூன்றாவது தடவை. சிரிக்காதே. நீ சிரிக்கமாட்டாய், தெரியும். பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். அங்கே இல்மா என்று ஒரு பெண் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது. தங்கமான பிள்ளை. என் ஆதார் நம்பரைத் தட்டிவிட்டு "ஓடிபி சொல்லுங்கய்யா" என்றது. நான் என் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கோழி முட்டையிடக் காத்திருப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தால்தானே! மூன்றாவது தடவை இல்மா ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, "கடைசி ரெண்டு எண் நாப்பத்தேழுன்னு இருக்குதுங்க. இது யாரு நம்பருங்க?" என்று கேட்டது.

உன் நம்பர். ஆதார் எடுத்த அன்றைக்கு நீதான் கூட வந்தாய். அதற்கு முந்தின வாரம்தான் நான் போனை கம்பெனி பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தேன். "இவரு நம்பர் குடுத்தா அதையும் தொலச்சுப் போடுவாரு" என்று உங்கம்மா சொல்ல, நீ உன்னுடையதைக் கொடுத்தாய்.

"கூப்புட்டுக் கேளுங்கய்யா, பத்து நிமிசம் செல்லும்" என்றது அந்தப் பிள்ளை. நான் வெளியே போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். "எடுக்கலீங்க. மீட்டிங்ல இருக்கும். எம் பொண்ணு வெள்ளகோவில் ஈ.பி.யில ஏ.ஈ.யுங்க" என்றேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணி ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்று அதனிடம் எப்படிச் சொல்வது?

ஐம்பத்தெட்டு வயதில் எதற்கு இது என்று நீ கேட்கமாட்டாய். உங்கம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாசலில் நின்று நீ சொன்னது அப்படியே இருக்கிறது. "கார் வாசல்ல நின்னுச்சு. சாவி ஆணியில தொங்குச்சு. நீங்க ஆம்புலன்சுக்கு நாப்பது நிமிசம் காத்துட்டு இருந்தீங்க." தெருவே கல்யாணத்துக்குப் போயிருந்தது, ஆட்டோக்காரன் போனை எடுக்கவில்லை என்றெல்லாம் அன்று சொல்லியிருக்கலாம். அவையெல்லாம் பதில் இல்லை. பதில் இந்த எல்.எல்.ஆர்.தான். லேட்டாக வருகிற பதில்.

நீ என்னோடு பேச வேண்டியதில்லை. ஒரு நாளும் நேரமும் எழுது. அந்த நேரத்துக்கு இல்மா பட்டனை அழுத்தும். எண் வந்ததும் அதன் நம்பருக்கு அனுப்பிவிடு. நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா


வெள்ளகோவில்
14-6-2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் "உதவிப் பொறியாளர்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கத் தேவையில்லை.

மூன்று எண்கள் வந்தன. 11.17-க்கு 604182. 11.31-க்கு 290756. 11.48-க்கு 883019. எதுவும் இனிச் செல்லாது. ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்கு வந்த எதையும் நான் வைத்துக்கொண்டதாக இருக்க வேண்டாம்.

திருடன் என்று நான் பயப்படவில்லை. செய்தியில் உங்கள் ஆதாரின் கடைசி நான்கு எண் இருந்தது. 7716. எனக்கு அது மனப்பாடம். உங்களை எங்கோ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஆதார் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். சப்-ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது எண் வந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிடலாமென்று போனைத் திறந்தேன். நீங்கள் எடுத்து, "என்ன அம்மணி, அப்பன் இருக்கானா போயிட்டானான்னு பாக்கறியா?" என்று சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று மூடிவிட்டேன்.

போனில் நீங்கள் எதையும் சிரிப்பாக்கிவிடுகிறீர்கள். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுங்கள்.

2019-லும் 2022-லும் உங்களுக்கு எல்.எல்.ஆர். போட்டுக் கொடுத்தது நான். இரண்டும் ஆறு மாதம் கழிந்து காலாவதியாயின. முதல் நாள் கிளட்ச்சுக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்து ரோட்டோர இளநீர்க் குவியலில் காரை ஏற்றியதை எத்தனை பந்தியில் சொல்லியிருப்பீர்கள்? நாற்பது காயும் மேட்டுப்பாளையம் ரோட்டில் உருண்டு ஓடியதை நடித்தே காட்டுவீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அதற்குப் பிறகு நீங்கள் வண்டியில் ஏறவே இல்லை என்பதை அந்தச் சிரிப்பில் யாரும் கவனிக்கவில்லை.

ஓடிபி அனுப்புகிறேன். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். ஆம்புலன்ஸில் அம்மா என்ன சொன்னாள்? "துடியலூர் வர்ற வரைக்கும் பேசிட்டுத்தான் வந்தாங்க" என்று கூட வந்த நர்ஸ் என்னிடம் சொன்னார். உங்களைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதை எழுதுங்கள்.

மோகனப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
17-6-2025

அன்புள்ள அம்மணிக்கு,

நீ எழுதி அனுப்பிய மூன்று எண்ணையும் இல்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஐயா, இது பழசுங்க" என்றது. "தெரியுஞ்சாமி, எம் பொண்ணு கையெழுத்து எப்படி இருக்குது பாரு" என்று சொன்னேன். நல்லாயிருக்குதுங்க என்றது.

நாற்பது வயது தாண்டினால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். "அங்க ஒரு வரி இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கண்ணாடியை மாற்றி எழுதிக் கொடுத்தார். அங்க அடையாளம் இரண்டு வேண்டும் என்றார். இடது முழங்கையில் தழும்பு, அது கம்பெனியில் பம்புசெட் விழுந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. உங்கம்மா இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள். என் முதுகில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருந்தது. உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். வேறு யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தண்ணி கேட்டாள். நர்ஸ் கொடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

அதற்கு மேல் சொன்னால்தான் எண் வரும் என்றால், எல்.எல்.ஆர். இல்லாமலே இருந்துகொள்கிறேன், கண்ணு. முப்பது வருஷம் பஸ்ஸில் போனவன்.

அப்பா


வெள்ளகோவில்
23-6-2025

அப்பாவுக்கு,

அவ்வளவுதான் இல்லை. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வந்தால் முழங்கை, முதுகு என்று இரண்டு பாரா முன்னால் எழுதமாட்டீர்கள்.

ஜூலை 3, வியாழன், காலை பதினொரு மணி. போனைக் கையில் வைத்திருப்பேன்.

இரண்டாவது அடையாளம்: வலது காதின் பின்னால் மச்சம். சின்ன வயதில் உங்கள் தோளில் உட்கார்ந்து வரும்போது அதைத்தான் சுரண்டிக்கொண்டு வருவேன்.

மோகனப்பிரியா


பெரியநாயக்கன்பாளையம்
4-7-2025, வெள்ளி

அன்புள்ள அம்மணிக்கு,

பதினொன்று மூன்றுக்கு எண் வந்துவிட்டது. இல்மா என்னைப் பார்த்துச் சிரித்தது. "மேடம் அனுப்பீட்டாங்கய்யா, கூட ஒண்ணும் எழுதல" என்றது. எழுதியிருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை, அதுவாகவே சொன்னது.

விண்ணப்பம் போய்விட்டது. அங்கேயே கம்ப்யூட்டரில் பரீட்சையும் எழுதினேன். பெயில். ஒரே மார்க்கில் பெயில். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பெயிலானபோது என் அப்பன் அடித்தார், இப்போது அடிக்கவும் ஆளில்லை.

இதைச் சிரிப்பாகவே எழுதி முடித்துவிடலாமென்று பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

சிக்னல், சீப்ரா கிராஸிங், ஹாரன் அடிக்கக் கூடாத இடம் எல்லாம் சரியாகத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். சென்னகிருஷ்ணன் கொடுத்த புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தேன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறானே, இளநீர்க் குவியலில் ஏற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே சென்னகிருஷ்ணன்தான். எட்டாவது கேள்வி வந்தது. பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தது. கீழே மூன்று பதில்.

எனக்குப் பதில் தெரியும். ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மௌஸ் மேல் கை இருந்தது. அழுத்த முடியவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு ரோட்டையே பார்த்தது, உங்கம்மா உள்ளே கட்டிலில் இருந்து "வந்துருச்சுங்களா?" என்று கேட்டது, நான் "தா வருது, தா வருது" என்று சொன்னது, எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வந்து நின்றுகொண்டது. முப்பது விநாடிதான் கொடுப்பார்கள். கேள்வி தானாகவே போய்விட்டது. அதற்கடுத்த இரண்டும் என் கண்ணிலேயே படவில்லை.

"ஐயா, இது ஈசியான கேள்விங்களேய்யா" என்றது இல்மா. ஆமாஞ்சாமி என்றேன்.

மறுபடி எழுத மறுபடி ஓடிபி வேண்டுமாம். உனக்குத் தொந்தரவு. 17-ம் தேதி வியாழன் முடியுமா?

அப்பா


வெள்ளகோவில்
11-7-2025

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்துவிட்டேன். அங்கே பிரித்திருக்கக் கூடாது.

17-ம் தேதி அனுப்புகிறேன். அந்தக் கேள்வி மறுபடி வந்தால் எதையும் நினைக்காமல் முதல் பதிலை அழுத்திவிடுங்கள்.

நான் ஒன்று எழுத வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மாவுக்கு நெஞ்சு வலி அன்றைக்குப் புதிதாக வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். போனில் சொன்னாள். "மாடிப்படி ஏறுனா நெஞ்ச அடைக்குது கண்ணு. அப்பாகிட்டச் சொல்லிப் போடாத. அவரு நாலு பேர்த்துகிட்டச் சொல்லிச் சிரிச்சுப் போடுவாரு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆபீஸ்ல ஆடிட் போயிட்டு இருக்குதும்மா. முடியட்டும், நானே வந்து கூட்டீட்டுப் போறேன். அதுவரைக்கும் கேஸ் மாத்திரை போட்டுக்கோ" என்றேன். கேஸ் மாத்திரை. இன்ஜினியரிங் படித்தவள் நான்.

ஆடிட் வெள்ளிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்விட்டாள். சனிக்கிழமை நான் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கினேன்.

வாசலில் நின்று உங்களிடம் காரைப் பற்றிச் சொன்னது அதனால்தான். யாராவது ஒருத்தர் மேல் அதை இறக்கிவைக்காமல் என்னால் அந்த வீட்டை விட்டு வெளியே போக முடிந்திருக்காது. சாவி கண்ணெதிரே ஆணியில் தொங்கியது. நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பிளாக் செய்தது கோபத்தில் இல்லை. என்றைக்காவது நீங்கள் கூப்பிட்டு, "உனக்கு முன்னமே தெரியுமா அம்மணி?" என்று கேட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில்.

மோகனா


பெரியநாயக்கன்பாளையம்
18-7-2025, வெள்ளி

கண்ணு மோகனாவுக்கு,

பாஸ். அந்தக் கேள்வி வரவில்லை. நேற்றைய தேதி போட்டு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. ஜனவரி 16 வரைக்கும் செல்லும். போட்டோவில் நான் போலீஸில் தேடப்படுகிறவன் மாதிரி இருக்கிறேன்.

இனி நீ கேட்டது.

உனக்கு முன்பே தெரியும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஆம்புலன்ஸ் நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டும்போது உங்கம்மா மூக்கில் இருந்த மாஸ்க்கைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "ஏனுங்க, நெஞ்சு வலின்னு கண்ணுகிட்ட முன்னமே சொல்லிட்டனுங்க. ஒடனே டாக்டரப் பாருன்னுதான் அவ சொன்னா. நாந்தான் கேக்கல. நீங்க அவள ஒண்ணும் கேட்டுப் போடாதீங்க." கேட்கமாட்டேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். அதனால்தான் நீ வாசலில் நின்று பேசியபோது வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அது வெளியே வந்திருக்கும். உனக்குக் கோபப்பட நான் ஒருத்தன் இருந்தால் நீ சோறு தின்பாய், வேலைக்குப் போவாய் என்று நினைத்தேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

இன்னொன்றும் சொன்னாள். துடியலூர் சிக்னலுக்கு முன்னால். அதை உனக்குச் சொல்லாததற்குக் காரணம், அது எனக்குச் சாதகமானது. செத்தவளைச் சாட்சிக்குக் கூட்டிவருகிறான் பார் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வண்டி ஓட்டப் பழகியிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாமல்லொ புவனா" என்று அழுதேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "அட ஏனுங்க நீங்க. நீங்க ஓட்டீட்டு வந்திருந்தா ரெண்டு பேருமே படுத்துட்டுத்தான் வந்திருக்கோணும்" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்தவள். அவள் சொன்னது அந்த ஒன்றுதான். எதிர்சீட்டில் இருந்த நர்ஸ்கூடச் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணு. நான் சிரிப்பேனா என்று பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள். நான் சிரிக்கவில்லை.

அவள் உன்னிடம் சொல்லி என்னிடம் சொல்லாததும் சரிதான். நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

எல்.எல்.ஆர். வைத்திருக்கிறவன் தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். சட்டம் அப்படி. இப்போதைக்குச் சென்னகிருஷ்ணன் உட்காருகிறான். உன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அப்பா


வெள்ளகோவில்
26-7-2025

அப்பா,

நான் அம்மாவை டாக்டரிடம் போகச் சொல்லவே இல்லை. அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். மூச்சு விடவே முடியாத நேரத்தில் மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, எனக்காக ஒரு பொய்.

உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு எழுந்திருக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு வந்து, அந்த மாடிப்படியைப் பார்த்து, உங்கள் பக்கத்தில் உட்கார இப்போது முடியாது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

உங்கள் எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த ஆறு மாதம் கொடுங்கள். அதுவரை எழுதமாட்டேன்.

கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

மோகனா


பெரியநாயக்கன்பாளையம்
19-1-2026, திங்கள்

கண்ணு மோகனாவுக்கு,

நீ எழுதமாட்டேன் என்றாய், என்னை எழுதாதே என்று சொல்லவில்லை. இருந்தாலும் ஆறு மாதம் வாயை, இல்லை, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். என் ஆயுசிலேயே பெரிய சாதனை இது.

பொங்கலுக்கு வருவாயோ என்று காரைக் கழுவி, இடப்பக்க சீட்டுக்குப் புது உறை போட்டு வைத்திருந்தேன். பரவாயில்லை. மாட்டுப் பொங்கலோடு எல்.எல்.ஆரும் முடிந்துவிட்டது.

நான் ஓட்டப் பழகவில்லை என்று நினைத்துவிடாதே. நன்றாகவே ஓட்டுகிறேன். "ஏனுங் பாலுசாமியண்ணா, டெஸ்டுக்குப் போயிரலாமுங்க, நானே நம்பற அளவுக்கு ஓட்டறீங்க" என்று சென்னகிருஷ்ணன் ஆகஸ்ட் கடைசியில் இருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். அடுத்த வாரமுங்க, அடுத்த வாரமுங்க என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவன் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை உனக்கு எழுதக் கூடாதென்று இருந்தேன். ஆனால் நீ மட்டும் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கம்மாவுக்கு வலி வந்த அதே நேரத்துக்கு, பதினொன்று நாற்பதுக்கு, வாசலில் இருந்து வண்டியை எடுத்தேன். சென்னகிருஷ்ணனிடம் காரணம் சொல்லவில்லை. துடியலூர் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் பத்தொன்பது நிமிடம். வழியில் ஒரு லாரி, ஒரு சிக்னல், அவ்வளவுதான். அவன் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். நான் படுத்துக்கொண்டு வரவில்லை, கண்ணு. உட்கார்ந்துகொண்டுதான் வந்து சேர்ந்தேன். உங்கம்மா சொன்ன ஒரே ஜோக்கும் தப்பாகிவிட்டது. நீ வாசலில் சொன்னதுதான் சரி.

இன்று இல்மாவைப் பார்த்து நாலாவது எல்.எல்.ஆருக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு என் மேல் இரக்கம். "ஐயா, எதுக்குங்க ஒவ்வொரு தரமும் மேடத்துக்குத் தொந்தரவு. போஸ்ட் ஆபீஸ்லயே ஆதார்ல உங்க நம்பர மாத்திக்கலாமுங்க. அஞ்சு நிமிச வேலை" என்றது. போன வருஷமே சொன்னதுதான். வேண்டாஞ்சாமி, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். லைசென்ஸ் வாங்கிவிட்டால் பிறகு ஓடிபிக்கு என்ன வேலை? என் நம்பரை நீ பிளாக் செய்யலாம். அரசாங்கத்தை உன்னால் பிளாக் செய்ய முடியாதே.

வருகிற வியாழன், 22-ம் தேதி, காலை பதினொரு மணிக்கு உன் போன் ஒரு தரம் அடிக்கும். ஆறு எண் வந்திருக்கும். 7716 என்று போட்டிருக்கும். இல்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றுகூட இல்லை. பத்து நிமிடம் உன் கையில் இருந்துவிட்டு அதுவாகவே செல்லாமல் போய்விடும்.

பயப்படாதே. அப்பாதான்.